உதவி செய்வதும் கற்கவேண்டிய தொழிலே
அலிஸ் சாலமோன் (1872–1948) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு பாடம்

இந்தப் பாடம் எதற்காக?

நலன்புரி நிலையத்திலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் வாழ்ந்தவர்களுக்கு "உதவி" என்பது புதிய சொல் அல்ல. படிவங்கள் நிரப்பியிருக்கிறீர்கள். வரிசையில் நின்றிருக்கிறீர்கள். ஒரே கேள்வியை ஐந்து நிறுவனங்கள் வந்து கேட்க, ஐந்து தடவையும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். சில உதவிகள் உரிய நேரத்தில் கைகொடுத்தன. சில பொருட்கள் வீட்டு மூலையில் கிடந்து துருப்பிடித்தன. உதவ வந்தவரின் மனம் நல்லதாக இருந்தும் உதவி பிழைத்துப் போனதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இதற்குக் காரணம் என்ன? இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. உழவுக்கும் தச்சுக்கும் பயிற்சி வேண்டுவது போல, ஒரு மனிதருக்கு உதவுவதற்கும் பயிற்சி வேண்டும். இந்த உண்மையை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, அதைச் செய்தும், கற்பித்தும், இளையவர்களைத் தம்மோடு கூட்டி நடந்தும் வாழ்ந்தவர் ஜேர்மனி நாட்டைச் சேர்ந்த அலிஸ் சாலமோன். தமது 65ஆவது வயதில் அவரும் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டார். எனவே அவருடைய வாழ்க்கை நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

இப்பாடத்தைத் தனியாக வாசிக்கலாம். மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ கூடியிருந்து வாசித்தால் பயன் அதிகம்.

1. படிக்க விடப்படாத பெண்

அலிஸ் சாலமோன் 1872ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி பேர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தோல் வியாபாரம் செய்த வசதியான குடும்பம். ஆசிரியையாக வரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆனால் அக்காலத்தில் வசதியான வீட்டுப் பெண் வேலைக்குப் படிப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டது. பாடசாலை முடிந்ததும் அவர் வீட்டிலேயே இருந்தார். தையல் வேலையும் உறவினர் வீட்டு வருகைகளுமாக ஆண்டுகள் கழிந்தன.

அதே நகரத்தின் மறுபுறத்தில் நிலைமை வேறு. தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. கிராமங்களை விட்டு வேலை தேடி வந்த குடும்பங்கள் ஒற்றை அறைகளில் நெருங்கி வாழ்ந்தன. தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, பிள்ளைகள் தெருவில் நின்றார்கள்.

1893ஆம் ஆண்டின் இறுதியில் பேர்லினில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. சமூக உதவி வேலைக்கான பெண்கள் குழுக்கள் அமைக்கப்பட்டன. வசதியுள்ள பெண்கள் ஏழைகளுக்கு உதவுவது தருமம் அல்ல, அது சமூகத்துக்கு அவர்கள் செலுத்தவேண்டிய கடமை என்று அக்குழுக்கள் கூறின. அந்தக் கடமையைச் செய்யுமுன் பயிற்சி பெறவேண்டும் என்றும் வலியுறுத்தின. அப்போது 21 வயதாயிருந்த அலிஸ் அதில் சேர்ந்தார். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையத்திலும், ஏழைக் குடும்பங்களின் வீடுகளிலும் அவருடைய பணி ஆரம்பமாயிற்று.

2. மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்றல்

அலிசுக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஜனெட் சுவேரின் என்ற மூத்த பெண்மணி. உதவி தேடி வருவோருக்கு ஆலோசனை வழங்கும் நிலையம் ஒன்றை அவர் நடத்தினார். அங்கே வருவோரை எப்படி இருத்திப் பேசுவது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, எந்தக் கந்தோருக்கு யாரை அனுப்புவது என்பவற்றை அலிஸ் பார்த்துப் பழகினார். இப்படியான அறிவு புத்தகத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. நாற்று நடும் கையைப் பார்த்தே நடப் பழகுவது போன்றது அது.

1899இல் ஜனெட் சுவேரின் காலமானார். குழுக்களின் தலைமை 27 வயதான அலிசின் கைக்கு வந்தது. அவர் முதலில் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில் பெண்களுக்கான ஓராண்டுப் பயிற்சி நெறியைத் தொடங்கினார். தமக்கு ஒருவர் பக்கத்தில் நின்று கொடுத்ததை, பலருக்கு ஒழுங்காகக் கொடுக்கும் வழியை அவர் தேடினார்.

தாமும் படிப்பை நிறுத்தவில்லை. பல்கலைக்கழகம் புகுவதற்கான பரீட்சைச் சான்றிதழ் அவரிடம் இருக்கவில்லை. ஆயினும் விசேட அனுமதி பெற்று 1902 முதல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளுக்குச் சென்றார். 1906இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் சமமற்ற கூலி கொடுக்கப்படுகின்றது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். அதே வயலில், அதே வெயிலில் வேலை செய்தும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை அறிந்த நமக்கு இந்தக் கேள்வி பழையதாகத் தெரியாது.

3. பாடசாலை: பாதி வகுப்பில், பாதி வெளியில்

1908ஆம் ஆண்டு பேர்லினில் பெண்களுக்கான சமூகப்பணிப் பாடசாலையை அலிஸ் சாலமோன் நிறுவினார். பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். 1925 வரை அவரே அதன் தலைவியாக இருந்தார்.

அங்கு மாணவிகள் சட்டம், பொருளாதாரம், சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு ஆகிய பாடங்களைக் கற்றார்கள். அதேநேரம் பிள்ளைகள் நிலையங்களிலும் நலன்புரி அலுவலகங்களிலும் குடும்பங்களின் வீடுகளிலும் வேலை செய்தார்கள். வெளியில் கண்டதை வகுப்பில் ஆராய்ந்தார்கள். வகுப்பில் கற்றதை வெளியில் சோதித்துப் பார்த்தார்கள்.

ஏன் இரண்டும் வேண்டும்? சட்டம் தெரியாமல் வீட்டுக்குப் போனால் ஆறுதல் மட்டுமே சொல்லமுடியும். கிடைக்கவேண்டிய உரிமை கிடைக்காமற் போகும். வீட்டுக்குப் போகாமல் சட்டத்தை மட்டும் கற்றால், முன்னால் இருப்பவர் ஒரு மனிதராகத் தெரியமாட்டார், இலக்கமாகவே தெரிவார். இரண்டு குறைகளையும் நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

முதலாம் உலகப் போர் (1914–1918) முடிந்தபோது ஜேர்மனியில் விதவைகளும் தகப்பனை இழந்த பிள்ளைகளும் அங்கவீனரான படையினரும் பெருந்தொகையாக இருந்தனர். தருமப்பணத்தால் மட்டும் இதைச் சமாளிக்க முடியாது என்பது தெளிவாயிற்று. 1920இல் பிரஷ்ய அரசு இந்த வேலைக்கென அரச பரீட்சை ஒன்றை ஏற்படுத்தியது. அலிஸ் போன்றவர்கள் கால்நூற்றாண்டாகச் சொல்லிவந்தது அப்போது அரச விதியாக மாறியது.

4. இலை மஞ்சளானால் உடனே யூரியா போடலாமா?

அலிஸ் சாலமோன் 1926இல் வெளியிட்ட நூல் ஒன்று, ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு அறிவது என்பதைப் பற்றியது. அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் என்பவர் 1917இல் இதே பொருளில் எழுதியிருந்தார். அந்த முறையை அலிஸ் தமது நாட்டு நிலைமைக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்தார்.

முறையின் சாரத்தை வயலில் இருந்தே விளங்கிக்கொள்ளலாம். நெற்பயிரின் இலை மஞ்சளாகிறது. யூரியா போதாமல் இருக்கலாம். தண்ணீர் வடியாமல் வேர் அழுகியிருக்கலாம். நாகச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். ஒன்றும் பாராமல் யூரியாவை அள்ளிப் போடுபவன் காசையும் இழப்பான், பயிரையும் இழப்பான். அனுபவமுள்ள கமக்காரன் முதலில் வயலில் இறங்குகிறான், வேரைப் பிடுங்கிப் பார்க்கிறான், பக்கத்து வயலையும் பார்க்கிறான், பிறகே முடிவெடுக்கிறான்.

குடும்பத்துக்கு உதவுவதும் அவ்வாறே. முதலில் அவர்களிடமே கேட்கவேண்டும். பின்னர் அவர்களை அறிந்தவர்களிடம், பாடசாலையிடம், வைத்தியரிடம் விசாரிக்கவேண்டும். கேட்டவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். குறைகளை மட்டுமன்றி, அந்தக் குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் பலத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். பிறகு அவர்களோடு சேர்ந்தே என்ன செய்வதென்று தீர்மானிக்கவேண்டும்.

1930இல் அவரும் மரீ பவும் என்பவரும் சேர்ந்து 182 குடும்பங்களின் வாழ்க்கையை விவரிக்கும் நூலொன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே எழுதப்பட்டது. எல்லாக் குடும்பங்களையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கூட்டினால் எது மறைந்துபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

5. ஆளை மாற்றுவதா, சூழலை மாற்றுவதா?

மேற்கூறிய 1926ஆம் ஆண்டு நூலில் நமக்கு மிகவும் வேண்டிய கருத்து ஒன்று உண்டு. உதவி இரண்டு வகையில் நடக்கிறது என்கிறார் அலிஸ். ஒன்று, இருக்கின்ற சூழலில் தாக்குப்பிடித்து வழி காண ஒருவருக்கு உதவுவது. மற்றது, அவர் நன்றாக வாழக்கூடியதாகச் சூழலையே திருத்துவது.

இதை நமது நிலைமையில் வைத்துப் பார்ப்போம். ஒரு கமக்காரக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் நெல்லும் வெங்காயமும் செய்த கை. காணி எட்டமுடியாத இடத்தில் இருக்கிறது, அல்லது உறுதி தொலைந்துவிட்டது. இப்போது இருக்கும் கால் ஏக்கர் துண்டு இன்னொருவருடையது. அவர்களுக்குக் கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. இது முதலாவது வகை உதவி. தவறு என்று சொல்லமுடியாது. இன்றைக்கு அடுப்பு எரியவேண்டுமே. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், குறை அந்த மனிதரிடம் இருப்பதாக எண்ணியதாகிவிடும். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை, நிலந்தான் இல்லை. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடுவதும், பிரதேச செயலகத்தில் விண்ணப்பிப்பதும், ஒரே நிலையில் உள்ள குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கேட்பதும் இரண்டாவது வகை உதவி.

போர் 2009இல் முடிந்த பின்னரும் சொந்த நிலத்துக்குத் திரும்ப முடியாமல் வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு உதவுகிறோம் என்று வருபவர்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: நீங்கள் எங்களைச் சூழலுக்கு ஏற்ப மாற்ற வருகிறீர்களா, சூழலைத் திருத்தவும் எங்களோடு வருவீர்களா? நல்ல உதவியாளர் எப்போது எது வேண்டும் என்று அறிந்து, இரண்டையும் செய்வார்.

6. நாடு கடந்து பரவிய விதை

1928இல் பாரிஸ் நகரில் முதலாவது சர்வதேச சமூகப்பணி மாநாடு நடைபெற்றது. அங்கே பயிற்சிப் பாடசாலைகள் தம்முள் தொடர்பு கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் உருவாயிற்று. 1929இல் அந்த அமைப்பு தோன்றியது. அதன் முதல் தலைவி அலிஸ் சாலமோன். சமூகப்பணிப் பாடசாலைகளின் சர்வதேச சங்கம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

இந்தக் கல்வி நமது பக்கத்துக்கும் வந்தது. 1936இல் பம்பாயில், அமெரிக்கரான கிளிஃபர்ட் மான்ஷார்ட் அவர்களின் முயற்சியால் டாட்டா நிதியத்தின் சமூகப்பணிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. இலங்கையில் 1952இல் சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக உள்ளது.

7. துரத்தப்பட்டபோது எது மிஞ்சியது?

1932இல் அலிசுக்கு 60 வயது நிறைந்தது. பேர்லின் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. அரசு பதக்கம் வழங்கியது. பாடசாலைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழாயிற்று. 1933இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. அலிஸ் 1914இல் கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெற்றிருந்தவர். ஆனால் ஆட்சியாளர் பிறப்பையே பார்த்தார்கள். எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். பெண்களின் உயர்கல்விக்காக 1925இல் அவர் தொடங்கிய கல்விக்கழகத்தை, ஆட்சியாளர் கையில் அது விழுமுன் 1933இல் தாமே கலைத்தார்.

1937இல் இரகசியப் பொலிஸார் அவரை அழைத்து விசாரித்தனர். மூன்று வாரங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறவேண்டும், இல்லையேல் வதைமுகாம் என்று சொல்லப்பட்டது. 65 வயதில் அவர் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். 1939இல் அவருடைய பிரஜாவுரிமையும் இரண்டு கலாநிதிப் பட்டங்களும் பறிக்கப்பட்டன. உலகமெங்கும் பெயர் பெற்றிருந்தவருக்குப் புதிய நாட்டில் ஏற்ற வேலை ஒன்று கிடைக்கவில்லை. 1948 ஓகஸ்ட் 30ஆம் திகதி அங்கேயே தனிமையில் காலமானார். அவர் எழுதிவைத்த வாழ்க்கை வரலாறு 1983இலேயே ஜேர்மன் மொழியில் வெளிவந்தது.

இக்கதைக்கு இனிப்பான முடிவு இல்லை. இடம்பெயர்ந்த முதியவர் ஒருவர் ஊரில் தமக்கிருந்த மதிப்பை வந்த இடத்தில் பெறாமல் போவது எத்தனை வேதனை என்பது நமக்குத் தெரியும்.

ஆனாலும் பறிக்க முடியாத ஒன்று இருந்தது. அலிசோடு சேர்ந்து நூல் எழுதிய சிடி வுரோன்ஸ்கி என்பவரும் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. அவர் எருசலேமில் சமூகப்பணிக் கல்விக்கு அடித்தளமிட்டார். அலிசின் பாடசாலையில் போருக்கு முன் படித்த ஹெட்விக் வாகன்ஹைம் 1930களில் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நிவாரண வேலைக்காக ஜேர்மனிக்கு மீண்டும் வந்தார். பேர்லின் பாடசாலையும் அழியவில்லை. இன்று அது அலிஸ் சாலமோன் பெயரைத் தாங்கிய உயர்கல்வி நிறுவனமாக இயங்குகிறது.

பட்டத்தைப் பறித்தார்கள். ஆனால் மற்றவர்களுக்குப் பழக்கிவிட்ட தொழிலைப் பறிக்க முடியவில்லை. விதைநெல்லை ஒரே வீட்டில் வைத்திருந்தால் அந்த வீடு எரியும்போது விதையும் எரியும். பத்து வீட்டுக்குக் கொடுத்து வைத்திருந்தால் எங்காவது ஓர் இடத்தில் அது முளைக்கும்.

8. நாம் செய்யக்கூடியவை

பட்டம் பெற்ற சமூகப்பணியாளர் நமது கிராமத்துக்கு அடிக்கடி வரமாட்டார். அயலவருக்கு முதலில் உதவுகிறவர்கள் நாமே. எனவே பின்வருவனவற்றைப் பழகிக்கொள்வோம்.

(அ) கொடுக்கமுன் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை என்றால் உடனே கொப்பி வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருக்கலாம். தாய் கூலிக்குப் போவதால் பிள்ளை தம்பியைப் பார்க்க நிற்கலாம். வகுப்பில் யாரோ "அகதி" என்று பழித்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

(ஆ) என்ன இல்லை என்று கேட்பதோடு, என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். என்ன வேலை தெரியும்? எந்த உறவினரோடு தொடர்பு உண்டு? எந்தப் பத்திரம் கையில் உண்டு?

(இ) முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். விதானையாரிடம் போகும்போது கூடப் போங்கள். பேசுவதை அவர்களே பேசட்டும். அடுத்த முறை தனியாகப் போகும் துணிவு அப்படித்தான் வரும்.

(ஈ) கேட்டதைக் காத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் துயரம் கிணற்றடிப் பேச்சாக மாறினால், பிறகு எவரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள்.

(உ) எழுதிவையுங்கள். எந்தத் திகதியில் எந்தக் கந்தோருக்குப் போனது, யாரைக் கண்டது, என்ன பதில் வந்தது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். விண்ணப்பங்களின் பிரதியையும் வைத்திருங்கள். காணி விடயத்தில் ஒரு கடிதத்தின் பிரதியும் பல வருடத்துக்குப் பின் பயன்படலாம்.

(ஊ) ஓர் இளையவரைக் கூட்டிப் போங்கள். இதுவே மிக முக்கியம். சங்கத் தலைவி ஒரு வீட்டுக்குப் போகும்போது ஒரு இளம்பெண்ணும் கூடப் போகட்டும். போகுமுன் அந்தக் குடும்பம் சம்மதிக்கிறதா என்று கேளுங்கள். முதல் மூன்று தடவை அவள் பார்க்கட்டும். நான்காம் தடவை அவள் பேசட்டும், மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும். திரும்பி வரும் வழியில் எது சரியாக நடந்தது, எதை வேறு விதமாகக் கேட்டிருக்கலாம் என்று இருவரும் கதையுங்கள். திருத்தும்போது மற்றவர் முன்னிலையில் திருத்த வேண்டாம்.

(எ) முதியவர்களை மறவாதீர்கள். நமது ஊரில் வாய்க்கால் பங்கீடு நடத்தியவர், சங்கக் கணக்கு எழுதியவர், மருத்துவச்சியாக இருந்தவர் இன்று மூலையில் இருக்கலாம். அவர்களிடம் இருப்பதைப் பழகி எடுக்க நமக்கு இருக்கும் காலம் குறுகியது.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. இடம்பெயர்ந்த காலத்தில் உங்களுக்குக் கிடைத்த உதவிகளில் எது உண்மையில் கைகொடுத்தது? அதைத் தந்தவர் எப்படி நடந்துகொண்டார்?

2. உங்கள் கிராமத்துக்கு இப்போது நடக்கும் உதவிகளை இரண்டாகப் பிரியுங்கள்: மனிதரைச் சூழலுக்குப் பழக்குபவை எவை? சூழலைத் திருத்துபவை எவை?

3. உங்கள் சங்கத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை எது? அவர் நாளை இல்லாவிட்டால் அதை யார் செய்வார்?

4. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு மூத்த உறுப்பினரும் ஓர் இளையவரைத் தெரிவு செய்வாரா? யார் யாரை என்று இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.